எதிர் மலைக்கு ஒரு லென்ஸ்

வெள்ளை வேண்டாம் அண்ணே, கேமரா லென்ஸ் கறுப்புலயே காட்டுங்க. வெள்ளை லென்ஸ் வெயில்ல பளிச்சுன்னு தூரத்துக்குத் தெரியும்ல, அதுக்குத்தான். யாருக்குத் தெரியக்கூடாதுன்னா கேக்கறீங்க? யாருக்கும் இல்ல. மலைக்கு என்ன தெரியப்போகுது. சும்மா, நமக்கு ஆடம்பரம் ஆகாது.

ஆமா, இயற்கைக் காட்சிதான். மலை, மேகம், மரம், அவ்வளவுதான். புரியுது, அதுக்கு எல்லாரும் அகலமா எடுக்கற லென்ஸ்தான் கேப்பாங்க. எனக்கு அது சரிப்படாது. என் பொழப்பு அப்படி. பல் டாக்டர் நான். நாள் முழுக்க அடுத்தவன் வாய்க்குள்ள குட்டிக் கண்ணாடிய விட்டுப் பாக்கறவன். எதையும் தனியாப் பிரிச்சு, கிட்டத்துல பாத்தாத்தான் பாத்த மாதிரி இருக்கும். சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா மேல் வரிசையில ஒண்ணு என் கண்ணுல படுது, அப்புறம் லென்ஸ் பேச்சு நின்னுடும்.

இது தூரத்த எதுவரைக்கும் கிட்ட இழுக்கும்? இருநூறு மில்லிமீட்டரா. பத்தாது அண்ணே. எங்க கிளினிக்ல எக்ஸ்ரே எடுக்கறவர்கிட்ட இதே மாதிரி ஒண்ண இரவல் வாங்கிப் பாத்துட்டேன். எங்க வீட்டு பால்கனியில நின்னா கீழ பள்ளம், அந்தப் பக்கம் மலை. சரிவு வந்துச்சு, சரிவுல இருக்கற கட்டடம் வந்துச்சு. அதுக்கு மேல கம்ப்யூட்டர்ல பெருசாக்கினா எல்லாம் கூழாப் போகுது.

நானூறு போறதக் குடுங்க. அடேயப்பா, என்ன கனம். கையில பிடிச்சா ஆடாதா? ஓ, ஆட்டத்த உள்ளேயே அடக்கிக்குமா. ஸ்டாண்டா, வேண்டாம். ஸ்டாண்டப் போட்டு நின்னா, அங்க அப்படி என்னத்தப் பாக்கறீங்கன்னு வீட்டுக்காரி கேப்பா. என் கை எப்படியா? பல்லு பிடுங்கறப்போ இம்மி அசையாது.

இதுல ஆளோட முகம் தெரியுமா? இல்ல இல்ல, மலைதான். மலையில ஆள் இருக்க மாட்டாங்களா என்ன. ஓடியாட மாட்டாங்க, உக்காந்தபடிதான் இருப்பாங்க. சாயங்காலம் மட்டும் வெளிய கூட்டிட்டு வந்து உக்கார வெப்பாங்க.

சாயங்காலம் தெளிவா வராதா? பகல் சூடெல்லாம் பள்ளத்துல இருந்து எழும்புமா. அப்போ எவ்வளவு பெரிய லென்ஸ் வெச்சாலும் நடுவுல நெளியற காத்தத் தாண்ட முடியாது. மழை விட்ட கையோட எடுக்கணுமா. மழைன்னா அவங்கள உள்ளயே வெச்சுடுவாங்களே அண்ணே.

கிட்டப் போய் எடுன்னு சொல்றீங்க. கார்ல போனா கொஞ்ச நேரம்தான். கேட்டுல பேரச் சொன்னா விட்டுடுவாங்க. சேத்துவிட்டதே நான்தானே.

எங்கம்மா அண்ணே. வயசானவங்கள வெச்சுப் பாத்துக்கற எடம் அது. வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கறோம்மா, அந்த நெடி உனக்கு ஆகாது, முடிஞ்சதும் வந்து கூட்டிக்கறேன்னு சொல்லி விட்டுட்டு வந்தேன். அடிக்காம இல்ல, நெசமாவே அடிச்சோம். முடிஞ்சுது, நெடியும் போயிடுச்சு. அவங்க ரூம்ல இப்போ பசங்க படிக்கறாங்க. இந்தப் பல்லு தேறாதுன்னு ஊர்ல எவன்கிட்டயும் மூஞ்சிக்கு நேராச் சொல்லிடுவேன். இனிமே உனக்கு இங்கதாம்மான்னு அவங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. போன் பண்ணினா முதல் கேள்வியே, பெயிண்ட் காஞ்சுதாடா. ஈரக்காத்தும்மா, இன்னும் காயலன்னேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறேன். இப்பல்லாம் அவங்க கூப்பிட்டா எடுக்கறதே இல்ல. வெக்கமா இருக்கு அண்ணே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தக் கேட்டுல போய் நிக்கறது.

அந்த இரவல் லென்ஸ்ல எடுத்த படம் போன்ல இருக்கு, இந்தாங்க, பாருங்க. மரத்தடியில வெளுப்பா ஒண்ணு தெரியுதுல்ல, அவங்கதான். தலையச் சாச்சு உக்கார்றதுலயே எனக்குத் தெரியும். நல்லாத்தான் பாத்துக்கறாங்கன்னு நெனக்கறேன். நான் கேக்கறது அது இல்ல. காலடியில இருட்டா ஒண்ணு இருக்கு பாருங்க. கல்லா, அவங்க துணிப்பையான்னு தெரியல. பைன்னா, தினமும் துணிய எடுத்து வெச்சுக்கிட்டு நான் வருவேன்னு வந்து உக்கார்றாங்க. கல்லுன்னா, நான் வரமாட்டேன்னு அவங்களுக்கே புரிஞ்சுபோச்சு.

எதுவா இருந்தா நல்லதுன்னா கேக்கறீங்க. ரெண்டையும் என்னால தாங்க முடியாது அண்ணே. இந்த நானூறுல தெரியுமா, அத மட்டும் சொல்லுங்க.