வடக்கு மூலை மண்டபம்

கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்றுதான். பேயைப் பற்றி அப்புறம்தான் கேட்பார்கள். பத்தொன்பது வருடங்களாக இரண்டு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். வழிகாட்டி வேலைக்குப் பொறுமைதான் முக்கியம், ஐயா. விசாரிக்கிற வேலையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தோட்டத்தின் வடக்கு மூலையில் இரும்புக் கதவு போட்ட கல்மண்டபம் ஒன்று உண்டு. இருநூறு வருடங்களுக்கு முன்பு ஒருவன் தன் மனைவியை உயிரோடு அதற்குள் தள்ளிப் பூட்டினான், அவள் இன்றும் கதவைத் தட்டுகிறாள் என்பது கதை. கதை என்னுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொல்ல ஒன்றும் கிடைக்காத ஒரு மத்தியானம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது நிலைத்துவிட்டது. மற்ற கல்லறைகளை ஜனங்கள் நடந்துகொண்டே பார்ப்பார்கள். அங்கே மட்டும்தான் நிற்பார்கள்.

என் தங்கையின் கணவர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தார். தூசி பட்டால் மூக்கு ஒழுகும். ஆனாலும் பழைய பதிவேட்டைக் கீழே வைக்கமாட்டார். தங்கமான மனிதர். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு ஜெராக்ஸ் காகிதத்தோடு வந்தார்.

"மச்சான், அந்த மண்டபத்துல யாரையும் புதைக்கவே இல்ல. மண்வெட்டியும் ஏணியும் போட்டு வெக்கிற ரூமாம். தோட்டக்காரர் கையெழுத்தே இருக்கு பாருங்க."

"அப்படியா மாப்ள?"

"சிரிப்பா இல்ல? ஆபீஸ்ல சொல்லி வாசல்ல ஒரு போர்டு வெச்சிடலாம். இன்னும் யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே ஏணி மாட்டின கொக்கி இருந்தாலும் இருக்கும், போய்ப் பாருங்கள் என்றேன். வெளிச்சத்துக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சுவர்களுக்குள் சிக்னல் கிடைக்காது. நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். திட்டம் எதுவும் போடவில்லை, ஐயா. சாவி கையில் இருந்தது, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு முதல் கூட்டம் வந்தது. மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன், கதையைச் சொன்னேன். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. குரலும் இருந்தது, கதவு கனமானது என்பதால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஆணா பெண்ணா என்று பிரியவில்லை. ஒரு பெண்மணி அழுதேவிட்டார். "ஸ்பீக்கரை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றேன். அது பொய் இல்லை. அந்த வேலையில் நான் உண்மை பேசிய முதல் நாள் அதுதான்.

புதன்கிழமை இரண்டு மடங்கு கூட்டம். இரண்டு தடவை குரலும் கேட்டது. தண்ணீர் என்ற வார்த்தை எனக்குப் புரிந்தது. கேட்டுப் பழகிய காது. மற்றவர்களுக்குப் புரிந்திருக்காது.

வியாழக்கிழமை காலை தங்கை வந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"அண்ணா, அவரு சொல்லாம எங்கயும் போறவரு இல்லையே. இங்க வந்தாரா?"

"செவ்வாய்க்கிழமை வந்தாரும்மா. பேசிட்டிருந்தோம்."

இதுவும் பொய் இல்லை. போலீஸில் சொல்லச் சொன்னதும் நான்தான், குறித்துக்கொள்ளுங்கள். அவளைத் தனியாக உட்கார வைக்க மனசு வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, கூட்டத்தோடு கூடவே கூட்டிப் போனேன். சின்ன வயதில் என் கதையைக் கேட்டதிலிருந்து அந்தப் பக்கம் வரமாட்டாள். அன்றைக்கு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் சொல்கிற எதையும் நம்புகிறவள்.

மண்டபத்துக்கு முன்னால் நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக மூன்று தட்டு.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நிஜமாவே தட்டுறா அண்ணா. பாவம். யாராவது திறந்துவிடக் கூடாதா?"

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கூட்டத்தை அடுத்த கல்லறைக்கு நகர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை சத்தமே இல்லை. வெகு தூரத்திலிருந்து வந்த கூட்டம் அது. எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. சில நாள் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை நீங்கள் வந்து சாவி கேட்டீர்கள், உடனே கொடுத்தேன்.

ஆமாம், ஐயா, பூட்டினது நான்தான். வியாழக்கிழமை அவர் உயிரோடு இருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அவள் நிற்கும்போதாவது ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். என் தங்கை எதிரிலேயே கதவைத் திறந்து, இத்தனை வருடமாக உள்ளே எந்தப் பெண்ணும் இல்லை என்று காட்டச் சொல்கிறீர்களா? அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?