எழுந்து நிற்பவருக்குக் கைதட்டாதீர்

வரலாறு நிகழ்ந்துவிட்டது, பெரியோர்களே! நமது மூத்தோர் மன்றத்தின் செயற்குழு இன்று காலை கூடி, காரசாரமாக விவாதித்து, நடுவில் காபி குடித்து, மீண்டும் விவாதித்து, ஒரு மாபெரும் முடிவுக்கு வந்திருக்கிறது. நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து நிற்கும் உறுப்பினருக்கு இனி இந்த மன்றத்தில் எவரும் கைதட்டுவதில்லை! தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நிறைவேறியதும், பழக்க தோஷத்தால், எல்லாரும் கைதட்டினோம்.

அந்த முடிவுக்குத் தலைமை தாங்கிய, ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து ஓய்வுபெற்ற, பெருமதிப்பிற்குரிய தலைவர் சர்வேயர் ஐயா அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்து வீற்றிருக்கும் முன்வரிசைப் பெருமக்களே! வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்துவிட்டு, "அவர்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாரு" என்று வெளியே சொல்லும் பெருந்தன்மை மிக்க தாய்மார்களே! எப்போது முடியும் என்று கைக்கடிகாரத்தையே கேட்டுக்கொண்டிருக்கும் பின்வரிசை மகன்களே, மருமக்களே! அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம். தலை மட்டும்தான். இடுப்பையும் தாழ்த்தினால் நிமிர்த்த ஆள் தேட வேண்டும்.

மன்றத்துக்குப் புதியவர்கள் கேட்கலாம், எழுந்து நிற்பதற்கெல்லாமா கைதட்டுவார்கள் என்று. தட்டினோம், ஐயா! மாலையில் செய்தித்தாள் படித்து முடித்து, நாட்டைத் திருத்தி முடித்து, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இங்கே ஒரு போட்டி நடக்கும். நாற்காலியின் கையைத் தொடாமல் எழுந்தவருக்குக் கரவொலி. தொட்டு எழுந்தவருக்கு மௌனம். அந்த மௌனத்துக்கு அஞ்சி, எழுந்திருக்காமலே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தவர்களும் நம்மில் உண்டு.

அந்தப் போட்டியின் முடிசூடா மன்னர் நம் கண்டக்டர் அண்ணன். அவர் வெறுமனே எழுவதில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுவார், எழுந்து, பேருந்து வளைவில் திரும்புவதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வார், "ரைட், போலாம்!" என்பார். கூரை அதிரும்.

ஒருநாள் அவருடைய மனைவி, நம் அண்ணி, தையல் கடையை அடைத்துவிட்டு நேராக இங்கே வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு கம்பியை மேசைமேல் வைத்தார். பளபளக்கும் எஃகுக் கம்பி. இரண்டு முனையிலும் சுவரில் பொருத்தத் துளைகள்.

"என் பேச்சை இவரு கேக்க மாட்டாரு. உங்க பேச்சுன்னா கேப்பாரு. குளிக்கிற எடத்துல புடிச்சுக்க ஒரு கம்பி. அவ்ளோதான். எல்லாரும் சேந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

அண்ணன் எழுந்தார். கைகளைக் கட்டிக்கொண்டுதான். "ஓடுற பஸ்ல, வளைவுல, ஒரு கம்பியைத் தொடாம டிக்கெட் கிழிச்சவன் நான். நிக்கிற வீட்ல கம்பி புடிக்கணுமா?"

என்ன வசனம்! என்ன வீச்சு! கைதட்டினோம். தலைவர் அவர்களே, கூரையைப் பார்க்காதீர்கள். விசில் அடித்தது தாங்கள்தான்.

அண்ணி கம்பியை மறுபடி தாளில் சுற்றினார். "தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. நாளைக்குத் தூக்கறதுக்கும் இந்தக் கைங்க வருதான்னு பாக்கறேன்" என்றார். போய்விட்டார். 'கோபக்காரி' என்று நாம் பேசிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அண்ணன் முழங்கையில் கன்றிப்போன காயத்தோடு வந்தார். கேட்டதற்கு, "அலமாரி இடிச்சிருச்சு." இன்னொருநாள் நெற்றியில் பிளாஸ்திரி. "அதே அலமாரிதான்." நாம் நம்பினோமா? நம்பினோம். ஏன் நம்பினோம்? நம் வீடுகளிலும் அலமாரிகள் அப்படித்தானே நடந்துகொள்கின்றன!

இங்கேயே கேட்கிறேன். இந்த வருடத்தில் கீழே விழுந்தவர்கள் கை தூக்குங்கள். ஒருவருமில்லை. மகிழ்ச்சி. சரி, அலமாரி இடித்தவர்கள்? ஆகா! அம்மா, அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தூக்கட்டும். தலைவரே, தங்களுக்குமா?

அலமாரி ஓடிவந்து மனிதனை இடித்ததை எவராவது கண்டதுண்டா? விழுந்தால் விழுந்தேன் என்று சொல்லுங்கள்! சொன்னால் என்ன ஆகும்? மகள் திட்டுவாள். திட்டட்டும். மருத்துவர் எந்த மாத்திரையால் தலை சுற்றுகிறது என்று பார்ப்பார். பார்க்கட்டும். யாராவது தரையைத் துடைப்பார்கள், விளக்கு மாட்டுவார்கள், செருப்பை மாற்றச் சொல்வார்கள். சொல்லாவிட்டால்? அடுத்த முறையும் அதே அலமாரி.

அண்ணனுக்கு அடுத்த முறை ஒரு காலை வேளையில் வந்தது. குளியலறைக்குள் பெரிய சத்தம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அண்ணி வெளியே நின்று கேட்டார்.

"என்னங்க, என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. சோப்பு விழுந்துச்சு."

"சோப்பு விழுந்தா வீடே அதிருமா?"

"பெரிய சோப்பு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். அண்ணியும் சிரித்துவிட்டுத்தான் வீட்டுத் தையல் இயந்திரத்துக்குத் திரும்பியிருக்கிறார். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்த பிறகும் தண்ணீர் ஊற்றும் சத்தம் வரவில்லை. மறுபடி வந்து கதவைத் தட்டினார். இந்த முறை உள்ளேயிருந்து பதிலே இல்லை. பக்கத்து வீட்டார் வந்துதான் கதவை உடைத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து, ஈரத் தரையில், சத்தம் வெளியே கேட்காதபடி துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார் நம் மன்னர்.

மருத்துவமனைக்கு நாமெல்லாம் போனோம். பழம் வாங்கிக்கொண்டு போனோம். பழத்தை எங்கே வைப்பது என்று ஆளாளுக்கு இடம் தேடினோம். அண்ணன்தான் பேசினார்.

"பஸ்ல கம்பியைத் தொடாம நின்னேன்னு சொன்னேன்ல? நெசந்தான். ஆனா கூட்டத்துல சாஞ்சுக்கிட்டுதான் நின்னேன். முன்னாடி ஆளு, பின்னாடி ஆளு. விழறதுக்கு எடம் இருந்தாத்தானே விழறதுக்கு? வீட்ல யாருமே இல்லப்பா, சாயறதுக்கு."

அண்ணி தலைமாட்டில் நின்று, "நான் இருந்தேனே" என்றார்.

பெரியோர்களே! அவரை வீழ்த்தியது எது? ஈரமா? இருட்டா? வயதா? ஈரத்தைத் துடைத்திருக்கலாம். இருட்டுக்கு விளக்குப் போட்டிருக்கலாம். வயதுக்கு ஒரு கம்பி போதுமானதாக இருந்திருக்கும். அந்தக் கம்பி இதே மன்றத்துக்கு வந்தது, இதே மேசைமேல் கிடந்தது, நம் கைதட்டலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது! ஒரு வார்த்தை கேட்டார் அந்த அம்மையார். கரவொலி கொடுத்தோம். ஒரு கை கேட்டார். எல்லாக் கைகளும் தட்டுவதில் மும்முரமாக இருந்தன.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். சுவரைப் பிடியுங்கள், நாற்காலியைப் பிடியுங்கள், மனைவியின் தோளைப் பிடியுங்கள், மகனின் கையைப் பிடியுங்கள்! பிடித்து எழுவது தோல்வியன்று, பிடிக்காமல் விழுவதும் வீரமன்று. குளியலறைக் கதவைச் சாத்துங்கள், தாழிடாதீர்கள். உங்களைக் களவாட எவரும் வரப்போவதில்லை. பின்வரிசை மகன்களே, "பாத்துப் போங்கப்பா" என்று சொன்னால் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். பார்ப்பதற்கு வெளிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பொறுமையோடு கேட்ட அவைக்கும், இடையில் தூங்கினாலும் குறட்டை விடாத பெருமக்களுக்கும், கடையை அடைத்துவிட்டு இன்று வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணிக்கும் என் நன்றியும் வணக்கமும்.

இனிப் பேச வருபவர்கள் மேடைப்படி ஏறும்போது இடப்பக்கச் சுவரில் புதிதாய்ப் பொருத்திய கம்பியைப் பிடித்துக்கொள்ளவும். அன்று மேசைமேல் கிடந்த அதே கம்பிதான்; நேற்று அண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணனை இப்போது கட்டிலில் வைத்தே துடைத்துவிடுகிறார்கள்.