வற்றாக் கிணற்று வீடு

– இங்கன யாரெல்லாம் இருக்கோம்? நான் நாறும்பூநாதன், வீட்டுக்காரன். நீ சித்ரலேகா, என் மருமவ. அந்தா நாற்காலியில உங்கப்பா கணேஷ்ராம், என் சம்பந்தி. மூணே பேரு. பேசுத பேச்சு இந்த வாசலைத் தாண்டப்பிடாது. இப்பச் சொல்லு, என் கெணத்துக்கு என்ன குத்தம்?

– குத்தம்னு சொல்லல மாமா. படம் சரியா வரலன்னுதான் சொன்னேன்.

– அண்ணாச்சி, இவ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பூமிக்கு அடியில கெடக்கதை எல்லாம் படம் புடிக்காவ. எக்ஸ்ரே மாதிரி. மெய்தானே சித்ரா?

– நீரு சும்மா இரும்வே. மில்லுல நூல் கண்டு எண்ணுன ஆளுக்கு பூமிக்கு அடியில என்ன சோலி? அவ சொல்லட்டும்.

– எக்ஸ்ரே இல்லப்பா. ராதாபுரம் பக்கம் ஒவ்வொரு கெணறா எடுத்து, அது எங்க இருக்கு, தண்ணி எத்தனை அடியில நிக்குன்னு கம்ப்யூட்டர்ல ஏத்துவோம். அது புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து, தண்ணி இருக்க அடுக்கு எங்கன ஏறுது, எங்கன எறங்குதுன்னு வரைஞ்சு காட்டும். சுத்தி எல்லாக் கெணத்துலயும் தண்ணி பாறைக்குள்ள எறங்கிட்டு. நம்ம தோட்டத்துக் கெணத்துல மட்டும் மேல நிக்கி. படத்துல அந்த ஒரு எடம் தனியா, நீலக் குன்று மாதிரி தெரியுது மாமா.

– தெரியட்டுமே! வத்தாக்கெணத்து வீடுன்னு பேரு சும்மாவா வந்துது? தாது வருசப் பஞ்சத்துல ஊரே எங்க கெணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் உசிரு பொழைச்சுது.

– அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி! உங்க மக மதுமதியப் பொண்ணு கேட்டு வாராவளே, சங்கரன்கோவில்காரவுக, அவுக விசாரிச்சது ஒண்ணே ஒண்ணுதான். "பொண்ணு வத்தாக்கெணத்து வீடுதானே?" நகையப் பத்தி வாயே தொறக்கல. நானும் அந்தப் பேருக்குத்தான் இவளை உங்க வீட்டுல குடுத்தேன், மெய்தானே?

– மாமா, மத்த கெணத்தை எல்லாம் நாங்களே டேப் விட்டு அளந்தோம். நம்ம கெணத்தை மட்டும் அளக்கல. அன்னைக்குச் சாப்பிடும்போது நீங்க சொன்னதை அப்படியே ஏத்திட்டேன். மாமா சொன்ன சொல்லுக்கு மேல டேப் வச்சுப் பாக்கதுக்குக் கூசிட்டு.

– கூசத்தான் செய்யணும். அதுதான் நல்ல வீட்டுப் பொண்ணுக்கு லெச்சணம்.

– இப்ப அந்தப் படத்தை நம்பித்தான் சுத்தி இருக்க ஊருக்கெல்லாம் குடிதண்ணிக்கு நம்ம தோட்டத்தை ஒட்டி போர் போடப் போறாங்க. அதனால நேர்ல ஒரு தடவை அளந்துட்டு வாங்கன்னு ஆபீசர் சொல்லிட்டாரு.

– எவன் வீட்டுக் கெணத்தை எவன் அளக்கது? தோட்டம் பூட்டிக் கெடக்கு. கெணத்து மேலயும் பலகை போட்டு, அதுக்கு ஒரு பூட்டு. காவக்காரன் பாபநாசத்தைத் தவிர ஒரு ஈ எறும்பு உள்ள போவாது. அளக்கதைத் தை மாசத்துக்கு மேல பாத்துக்கிடலாம்னு உன் ஆபீசர்ட்ட சொல்லு.

– சாவி அங்க போயாச்சு மாமா. காலையில எங்க ஆபீஸ் தேவதாசன் அண்ணன் வாங்கிட்டுப் போயிட்டாரு.

– என்னது? சாவிய எவ குடுத்தா?

– அத்தைதான். "நல்லா அளந்து ஊருக்கெல்லாம் காட்டுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்துட்டு, கோயிலுக்குக் கெளம்பிட்டாங்க.

– பிரம்மநாயகியா... கூறு கெட்டவ. அவளுக்கு என்ன தெரியும்? சரி, அங்கன பாபநாசம் இருப்பான். அவன் விடமாட்டான்.

– அவரு மக வீட்டுக்கு மணிமுத்தாறு போயிருக்காராம்.

– அண்ணாச்சி, ஏன் இப்படி வேக்குது உங்களுக்கு?

– ஃபேனைப் போடும்வே. ஏம்மா, அந்தத் தேவதாசன் மேலயே நின்னு டேப்பை விட்டு அளந்துட்டு வந்துருவான்லா?

– சோதனைக்குத் தண்ணியும் எடுக்கணும். மேல் படியிலயே தண்ணி நிக்கும்னு நீங்க சொல்லியிருக்கீங்கள்லா. எறங்கி பாட்டில்ல முக்கிக்கிடலாம்னுதான் போயிருக்காரு.

– படியில காலை வைக்கப்பிடாது. ரொம்ப நாளா அடைச்சுக் கெடக்கு. பாம்பு கெடக்கும்.

– பாம்பு மட்டும்தானா மாமா?

– என்னது, வக்கீல் மாதிரி கேள்வி?

– நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லயிருந்து நீங்க பயந்து பாத்ததில்ல. இப்பப் பாம்பைச் சாக்குச் சொல்லுதீங்க. எதுனாலும் சொல்லிருங்க. தோட்டத்துக்கு எதிர்த்தாப்புல கிரேஸியக்கா கடையில போன் இருக்கு. இப்பவே தடுத்துரலாம்.

– தடுத்து? என்ன காரணம் சொல்லுவே?

– நீங்க சொல்லுத காரணத்தை.

– இன்னைக்கு அஷ்டமின்னு சொல்லு.

– மாமா!

– அதுக்குள்ள வெளக்க எறக்குனா அணைஞ்சிரும் தாயி.

– வெளக்கையா? எப்ப எறக்குனீங்க?

– அடைக்கதுக்கு முன்னால. பாபநாசத்தை விட்டு கயித்துல கட்டி எறக்கிப் பாத்தேன். பாதிக் கெணறு போவல, யாரோ வாயால ஊதுன மாதிரி அணைஞ்சு போச்சு.

– பாதிக் கெணறா? அண்ணாச்சி, தண்ணிதான் மேல் படியிலயே நிக்குன்னீங்களே. பொறவு வெளக்கு அவ்வளவு ஆழத்துக்கு எப்படிப் போச்சு?

– வாய மூடும்வே! சித்ரா, போனைப் போடு. வெஷக் காத்துன்னு சொல்லு. அதை மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை வரப்பிடாது.

– ஹலோ, கிரேஸியக்கா? பாளையங்கோட்டையில இருந்து சித்ரலேகா பேசுதேன். தோட்டத்துக்குள்ள எங்க ஆபீஸ்காரரு... என்ன? பையச் சொல்லுங்க, வெளங்கல... எப்ப?... கூப்பிட்டுப் பாத்தாங்களா?... ஐயோ.

– என்னளா சொல்லுதா?

– தேவதாசன் அண்ணன் உள்ள எறங்கி ரொம்ப நேரமாச்சாம். சத்தமே இல்லையாம். சனமெல்லாம் தோட்டத்துக்குள்ள கூடிட்டாம். எட்டிப் பாத்தா ஒரே இருட்டாம். தண்ணியில முங்கிட்டாருன்னு சொல்லுதாங்களாம்.

– முங்கிட்டான்னா?

– ஊரு முழுக்க அதே பேச்சாம். வத்தாக்கெணறு ஆளை இழுத்துட்டுன்னு.

– அண்ணாச்சி, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா அந்தப் பேச்சு அப்படியே இருந்துட்டுப் போட்டும். தண்ணியில போனான்னா உங்க வீட்டுப் பேருக்குப் பழுது இல்ல. மதுமதி காரியமும் நிலைக்கும். மெய்தானே?

– அப்பா, நீங்களா இப்படிப் பேசுதீங்க?... இருங்கக்கா, யாரு?... மாமா, தொம்மைன்னு ஒருத்தரு, கடக்கரை ஆளு, கடல்லயே நல்லா முங்குவாராம். அடியில கெடக்கவரை நான் எடுத்துட்டு வாரேன்னு சட்டையக் கழட்டிட்டாராம்.

– கயிறு கட்டியிருக்கானா?

– வேண்டாம்னுட்டாராம். கயிறு இருந்தா அடி வரைக்கும் முங்க முடியாதுன்னு கெணத்துச் சுவத்துல ஏறி நிக்காராம். தலைகீழாக் குதிக்கப் போறாராம் மாமா!

– அண்ணாச்சி, எங்க எந்திரிக்கீங்க? உக்காருங்க. சங்கரன்கோவில்காரவுக சாயங்காலம் வாராவ. யோசிச்சு...

– அந்தப் போனை இங்க கொண்டா. ஏ கிரேஸி! நாறும்பூநாதன் பேசுதேன். அந்த ஆளைச் சுவத்துலயிருந்து புடிச்சு எறக்கச் சொல்லு. கத்து, ஊருக்கே கேக்கக் கத்து. எவனும் முங்கல. அந்தக் கெணத்துல முங்கதுக்குத் தண்ணி கெடையாது.