போகாத பார்வை

அடுத்த அறையில் கண்புரை அறுவை செய்யும் மருத்துவர் நல்ல மனிதர். அவர்மீது எனக்கு எள்ளளவும் பொறாமை இல்லை. கட்டை அவிழ்த்த மறுகணமே அவருடைய நோயாளிகளுக்கு உலகம் தெளிந்துவிடுகிறது. அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அழட்டும்.

நான் விழித்திரை மருத்துவன். சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கிக் கெடாதிருக்க மாதந்தோறும் கண்ணுக்குள் ஊசி போடுவது என் பணி. பார்வை கூடுவது அரிது. இருப்பது போகாமல் நிற்கும். போகாத ஒன்றுக்காக நன்றி கூறியவர் எவரையும் நான் கண்டதில்லை. "மாசாமாசம் குத்துறீங்க, அப்படியேதானே சார் இருக்கு?" இந்தக் கேள்வியைக் கேட்டே என் தலை நரைத்தது. அப்படியே இருப்பதுதான் சிகிச்சை என்று விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆகவே ஒரு முறையைக் கண்டறிந்தேன். இவ்வாறு முணுமுணுப்பவருக்கு அடுத்த முறை மருந்துக்குப் பதிலாக வெறும் உப்புநீரைச் செலுத்துவேன். வீக்கம் திரும்பும், அஞ்சி ஓடிவருவார்கள். அப்போது உண்மையான மருந்தைக் கொடுப்பேன். பார்வை தெளிந்ததும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பெரும்பாலோர்க்குப் பார்வை முழுமையாகத் திரும்பியது. திரும்பாதவர்கள் நோயைக் குறை கூறினார்கள், நான் மறுக்கவில்லை.

என் அக்கா தையற்காரி. இடக்கண் இளமையிலேயே பழுதானது. வலக்கண் ஒன்றை நம்பியே பிழைத்தாள். அதில் புரை நீக்கியவர் அடுத்த அறைக்காரர். விழித்திரையைப் பல ஆண்டுகள் காத்துவந்தவன் நான்.

ஒருநாள் ஊசிக்குப் படுத்தவள் செவிலியிடம் சொன்னாள்: "அந்த டாக்டர் கட்டைப் பிரிச்சதும் பளிச்சுனு தெரிஞ்சுதும்மா. என்ன, முதல்ல இவன் மூஞ்சி தெரிஞ்சுது. அது ஒண்ணுதான் குறை. இவனும்தான் வருஷக்கணக்கா குத்துறான், போர்டுல ஒரு எழுத்து கூடலையே!"

செவிலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் உப்புநீரை எடுத்தேன்.

மறுமாதம் வந்து, "தையல் நேரா போனாலும் கோணலாத் தெரியுதுடா தம்பி" என்றாள். குரலில் கவலை இருந்தது. அச்சம் போதவில்லை என்று எனக்குப் பட்டது. மீண்டும் உப்புநீரே. அதற்கடுத்த முறை அவளைக் கைப்பிடித்து அழைத்துவந்தார்கள். கண்ணுக்குள் குருதி கசிந்து விழித்திரை சிதைந்திருந்தது. உண்மையான மருந்தைச் செலுத்தினேன், அறுவையும் செய்தேன். எதுவும் பலிக்கவில்லை.

கட்டை அவிழ்த்த அன்று அவள் என் முகத்தைத் தடவித் தேடினாள்.

"அழறியாடா? அழாத. நீ இல்லன்னா இது எப்பவோ போயிருக்கும். இத்தனை வருஷம் போகாம பிடிச்சு வச்சிருந்தியே, அதுக்கே உனக்குக் கோடி புண்ணியம். எனக்குத்தான் அப்போ தெரியல."

நான் அழுதது உண்மை. ஆனால், அவள் எண்ணிய காரணத்தால் அல்ல. என் பணிக்காலம் முழுவதிலும் விழித்திரை மருத்துவத்தைப் பிழையறப் புரிந்துகொண்ட நோயாளி அவள் ஒருத்தியே. என் முறை பயனற்றது என்று இனியும் கூறுவீர்களா?