பாதிச் சாப்பாட்டில் எழுந்தவை

ஹலோ... அண்ணா, நான்தான்... ஆமா, லேப்லேர்ந்துதான். முதல்ல மோட்டாரை நிறுத்து... காரணம் அப்புறம், நீ நிறுத்து...

நிறுத்திட்டியா? சரி.

தெரியும், தெரியும். கிணத்துல விஷம் துளிகூட இல்லைன்னு எஞ்சினியர் சொன்னாரு. உடனே தெரு டாங்கையே நிரப்பிட்டியாக்கும்... இன்னைக்குக் காலையிலதானே திறந்தே?... ம்...

குறுக்கப் பேசாதேண்ணா. பட்டறையில எண்ணெய்ப் பிசுக்கு கழுவின ரசாயனத்தைக் கொட்டினாங்களே, அது போயிடுச்சு, நிஜந்தான். கிருமிங்க தின்னுடுச்சு... ஆமா, நீ கிணத்துல வெல்லப்பாகு கரைச்சு ஊத்தி வளர்த்தியே, அதுங்கதான். ஆனா அதுங்க ஒரே வாயில முழுங்காது. கொஞ்சம் கொஞ்சமா கடிச்சுத்தான் தின்னும்.

பாதிச் சாப்பாட்டுல எழுந்துடுச்சுங்க. வெச்சிருக்கற மிச்சம் இருக்கே, அது பழசைவிடப் பொல்லாதது. எஞ்சினியர் பழசை மட்டும் தேடியிருக்காரு. நான் இன்னைக்கு மிச்சத்தையும் தேடினேன்... இருக்குண்ணா. நிறையவே இருக்கு.

இல்லை, நாத்தம் வராது... கலங்கலும் இருக்காது. பளிங்கு மாதிரிதான் இருக்கும், அதானே வயித்தெரிச்சல்.

கொதிக்க வெச்சா போகும். தண்ணியை விட்டுப் போகும், ஆவியா நம்ம மூக்குக்குள்ள வரும். கதவைச் சாத்திக்கிட்டு சுடுதண்ணில குளிச்சா...

ஆமா, அண்ணி எங்கே?

குளிக்கவா? எப்போ போனாங்க... பாப்பாவையும் தூக்கிட்டா? ஐயோ, அந்த பாத்ரூம்ல ஜன்னலே கிடையாதே.

தட்டு... பலமாத் தட்டுண்ணா, குழாய்ச் சத்தத்துல காது கேக்காது.

ஒரு குளியலுக்கு ஒண்ணும் ஆகாது. ஊர்ல யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், அதுதான் உண்மையும். பாப்பான்னதும்தான் தட்டு தட்டுன்னு கத்தறேன், என்ன பண்ண...

திறந்துட்டாங்களா? ம்... அழறது கேக்குது. அழட்டும், அழட்டும், நல்லா அழட்டும். வெளிக்காத்துல நிக்கச் சொல்லு. நீ டாங்க் வால்வை மூடிட்டு வீடு வீடாப் போய்... இரு, அண்ணி பின்னாலேர்ந்து என்ன சொல்றாங்க?

எந்தக் குடம்?

இரு இரு. தண்ணி சுத்தம்னு எஞ்சினியர் உன்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிட்டாரா... தெருவுக்குத் திறக்கிறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கு மட்டும் குடத்துல தூக்கிட்டுப் போனியா? பாப்பாவுக்குப் பால் பவுடர் கரைக்கிறது அந்தத் தண்ணியிலயா?

எத்தனை நாளா... அண்ணா, எத்தனை நாளா?

அண்ணா... ஹலோ... ஹலோ?