சத்தமில்லாத பிள்ளையை முதலில் தூக்கிய கிள்ளியக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, செவிலியர் அக்காமார்களே, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். வயிற்றுப்போக்குப் பிள்ளைகளின் அறையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்குபவள் நான். என் குரல் பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் நினைவுகூரக் கூடியிருக்கும் நம் தலைமைச் செவிலியரை யார் அந்தப் பதவிப் பெயரில் அழைத்தோம்? நமக்கு அவர் கிள்ளியக்கா! எந்தப் பிள்ளை வந்தாலும் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுவார். தோல் உடனே படிந்தால் டம்ளரும் கரண்டியும் தாயின் கைக்குப் போகும். நின்று நிதானமாகப் படிந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள்; அவர் கை டிரிப் ஊசியைத் தேடும்.

டோக்கன் வரிசையை அவர் மதித்ததுண்டா? இல்லவே இல்லை! சத்தமில்லாத பிள்ளையைத்தான் முதலில் தூக்குவார்.

"நான் அஞ்சாம் நம்பர், அவ இருபது. இது என்ன நியாயம்?" என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தார்.

"உம் பிள்ளை கத்துற கத்துல கூரையே பிச்சுக்கிட்டுப் போகுது தாயே! அவனுக்குத் தெம்பு இருக்கு. கரண்டி கரண்டியா ஊத்து. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஊத்து. பால் குடுக்கிறதையும் நிறுத்தாத."

ஏன் அப்படி? வேலைக்குச் சேர்ந்த வருடம், தூங்குவதாக நினைத்து ஒரு பிள்ளையை அவர் கடந்து போனார். அது தூக்கமில்லை. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

அவரை அடக்கம் செய்த மறுநாள் காலை. அறை முழுக்கப் பிள்ளைகளின் அழுகை. பெரிதாக அழுத பிள்ளையிடம் டம்ளரோடு ஓடினேன். வழியில் ஒரு தாய். தோளில் ஒரு வயதுப் பையன்.

"இப்பத்தான் கண்ணசந்தான். எழுப்பிடாத பாப்பா."

சரி என்று கடந்தேன்.

என் முன்கையை யாரோ கிள்ளினார்கள்.

திரும்பினேன். எட்டும் தூரத்தில் யாருமில்லை. ஆனால் என் கைத்தோல் மடிந்து எழுந்து நின்றது. நான் பார்க்கப் பார்க்க, மெல்ல மெல்லப் படிந்தது. அந்த நேரத்தில் ஒரு அழுகையும் என் காதில் விழவில்லை. அந்தப் பையனின் மூச்சு மட்டும் கேட்டது.

கண்கள் குழி விழுந்திருந்தன. கூப்பிட்டேன், உலுக்கினேன், எழவில்லை. வயிற்றைக் கிள்ளினேன். தோல் நின்ற இடத்திலேயே நின்றது. நான் கத்திய கத்தலில் டாக்டர் ஐயா ஓடி வந்து டிரிப் போட்டார். மாலையில் பையன் டம்ளரைப் பிடுங்கிக் குடித்தான்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார் ஐயா.

கையை நீட்டினேன். இரண்டு விரல் அடையாளம். அவர் பார்த்தார்.

அது யார்? எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். அக்கா, அது நீங்கள்தான் என்றால், இந்தச் சபை அறியச் சொல்கிறேன்: இனி என்னைக் கிள்ள வேண்டியிருக்காது. தாய்மார்களே, தூங்குகிற பிள்ளையை நான் எழுப்புவேன். திட்டுங்கள், பரவாயில்லை. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும்வரை நான் நகரமாட்டேன்.