பக்கத்து விமானத்துப் பெட்ரோல்

மழை பெய்த மறுநாள் எனக்கு வேலை கொஞ்சம் கூடுதல், ஐயா. ஓடுபாதையில் தேங்கிய தண்ணீரைத் தள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு விமானத்தின் டாங்கியிலிருந்தும் ஒரு குவளை பெட்ரோல் வடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கியிருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

எங்களுடையது சின்ன விமான நிலையம். போர்க்காலத்தில் பையன்களுக்கு அவசர அவசரமாக விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போட்டது. அன்றைய வாத்தியார்கள் வைத்த வழக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது: வடிப்பது தரைவேலைக்காரன், பார்ப்பது விமானி. குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அவர் சரி சொன்னால்தான் விமானம் நகரும். அந்தத் தரைவேலைக்காரன் நான். இருபத்திரண்டு வருஷத்தில் என்மேல் ஒரு புகார் கிடையாது.

விமானி என் தங்கச்சி புருஷன். நல்ல மனுஷன், அதை நான் மறைக்கவில்லை. அம்மா போனபோது தங்கச்சிக்கு ஆறு வயசு. தலைவாரி, சோறூட்டி வளர்த்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் எல்லோரும் ஒரே வீடுதான். அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டி கட்டிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஊரைவிட்டுப் போவதற்குள் அவளை மேலே ஒரு சுற்று கூட்டிப்போக ஆசைப்பட்டார். மழை விட்ட மறுநாள் அது. காலையில் அவர் விமானத்தில் வடித்தேன். குவளையில் பாதி தண்ணீர். கீழே கொட்டிவிட்டு, பக்கத்து விமானத்தில் வடித்து எடுத்துப் போனேன்.

“பாத்துக்குங்க மாப்பிள்ளை.”

“நீங்க பாத்தா போதாதா மச்சான்,” என்று சிரித்தார். ஆனாலும் தூக்கிப் பார்த்தார். சரி என்றார்.

டாங்கியில் தண்ணீரை விட்டது மழை, நான் இல்லை. எஞ்சின் கொஞ்சம் மக்கர் பண்ணும், புல்லில் இறக்குவார், விசாரணை வரும், லைசென்ஸ் போகும், வெளிநாட்டுப் பேச்சும் நிற்கும். அவ்வளவுதான் நான் நினைத்தது. மரங்களுக்கு மேலே போனதும் எஞ்சின் அடியோடு நின்றுபோகுமென்று யார் கண்டது. இரண்டு பேரும் அங்கேயே முடிந்துவிட்டார்கள்.

தங்கச்சி ஏறியது தெரியுமா என்கிறீர்கள். தெரியும். பெல்ட் போட்டுவிட்டதே நான்தான்.

“பயமா இருக்குண்ணா, இறங்கிடட்டுமா?” என்றாள்.

“ஒண்ணும் ஆகாதும்மா,” என்று கதவைச் சாத்தினேன்.

இறக்கிவிட்டிருக்கலாம்தான். ஆனால் அப்புறம் அவரை நினைத்து நினைத்து அவள் காலமெல்லாம் அழுதிருப்பாள், ஐயா. அவளை ஒருநாளும் நான் அழவிட்டதில்லை.